பெட்டியோடு கொண்டு வாங்க

என் அலுமாரிக்கு மேல் ஒரு வெறும் பெட்டி இருக்கிறது. கறுப்பு நிறம், ஓரத்தில் பச்சைக் கோடு, திறந்தால் உள்ளே சாம்பல் நிற ஸ்பொஞ்ச். கம்பியூட்டருக்குப் போடும் கிராபிக்ஸ் கார்ட் வந்த பெட்டி அது. கார்ட் எப்போதோ கம்பியூட்டருக்குள் போய்விட்டது. பெட்டிக்கு இனி ஒரு வேலையும் இல்லை. அம்மா இரண்டு தடவை அதில் வெங்காயம் போட்டு வைக்கப் பார்த்தார். இரண்டு தடவையும் சண்டை பிடித்து வாங்கித் திரும்ப மேலே வைத்தேன். என் அண்ணன் மறுபடியும் கட்டாருக்குப் போனது இந்தப் பெட்டியால்தான். அவரிடம் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்பார். நான் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். வீடு செட்டிபாளையத்தில், பள்ளிக்கூடம் கிரானில். நடுவில் இரண்டு பஸ், ஒரு வாவி, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல் வட்டை. பள்ளிக்கூடத்தில் நான் கொஞ்சம் பொல்லாத டீச்சர். நான் வகுப்புக்குள் காலை வைத்தால் பின்வாங்கில் கதை நிற்கும். அந்த டீச்சர் பின்னேரம் வீட்டுக்கு வந்து, சாறியை மாற்றி, ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அரக்கர்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் யாருக்கும் சொன்னதும் இல்லை. முப்பது வயதை நெருங்கும், கல்யாணம் ஆகாத பெண் கேம் விளையாடுகிறாள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு மருந்து சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள்.

என் மெசின் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கம்பியூட்டர். டவுனில் வாங்கினேன். முதலில் ரேமைக் கூட்டினேன். பிறகு ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டேன், அன்றைக்கு விண்டோஸ் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றதைப் பார்த்து அம்மாவைக் குசினியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா "ம்ம்" என்றுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு பழைய கிராபிக்ஸ் கார்ட். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று சும்மா விடாது. புதிய ஆணி ஆறு மாதத்தில் செங்கல் நிறமாகிவிடும். மாதம் ஒரு தடவை மெசினைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைப்பேன். ஒரு தடவை உள்ளே ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. இவ்வளவு பார்த்தும் அந்தக் கார்ட் போன வருடம் இருமத் தொடங்கியது. கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை முழுக்க ஊதாக் கட்டங்கள், பிறகு இருட்டு.

புதிய கேம்களோ என் மெசினை வாசலிலேயே திருப்பி அனுப்பின. இந்தக் கார்ட் வேண்டும், இவ்வளவு ரேம் வேண்டும், நூற்று முப்பது ஜீ.பி. இடம் வேண்டும் என்று ஒரு பட்டியல். ஊரெல்லாம் மெச்சுகிற கேமை மற்றவர்கள் விளையாடும் வீடியோவில் பார்த்துத் திருப்திப்படுவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் புரியாணி வாசத்தைப் பிடித்துவிட்டு வருவது போலத்தான். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. ஆசை என்று சொல்வதுதான் சரி. தேவை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி அண்ணன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் அண்ணன்மார் தங்கள் கல்யாணத்தைப் பற்றி வாய் திறப்பார்கள். எங்களுக்கு அப்பா இல்லை. ஆகவே வீடு அண்ணனின் தலையில். பதினொரு வருடம் கட்டாரில் எலக்ட்ரீசியன் வேலை. எங்கள் பழைய வீட்டின் பக்கத்து வளவில் எனக்காக ஒரு வீடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, ஒருவழியாக ஓடும் போட்டாகிவிட்டது. மிச்சம் வயரிங் மட்டும்தான். அதை வேறு யாரும் தொடக்கூடாது, தானே வந்து தன் கையால் செய்வேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இந்த முறை அவர் வருவது லீவுக்கு அல்ல, முற்றாக வருகிறார். கல்குடாவில் புதிதாகக் கட்டும் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வயரிங் வேலை பேசி வைத்திருந்தார். அதில் தொடங்கி ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

அதற்காகவே அவர் வருடக்கணக்காக டூல்ஸ் சேர்த்தார். ஹாமர் ட்ரில், சுவரில் வயருக்குக் காடி வெட்டும் மெசின், மீட்டர், குறடுகள். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் அத்தனையையும் கட்டிலில் பரப்பிக் காட்டினார். நான் பார்க்கிறேனா என்று நடுவில் இரண்டு தடவை கேட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் மறு கையில் மவுஸ் இருந்தது.

வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டார்.

"என்னமும் வேணுமா தங்கச்சி? இதான் கடைசிமுற. மறுகா கட்டார்ச் சாமான் கிடைக்காது."

"ஒரு கார்ட் வேணும் அண்ணன், கம்பியூட்டருக்கு."

"என்னத்துக்கு?"

"ஸ்கூல் வேலைக்கு. ஓ.எல். புள்ளைகளுக்கு வீடியோ செய்யணும். இப்ப இரிக்கிற கார்ட் இழுக்குதில்ல."

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து நிற்கும் பிள்ளையின் பொய்யை முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிடுகிறவள் நான். என் பொய் தடுமாறவே இல்லை, பாடம் சொல்வது போல வந்தது. அண்ணன் அடுத்த கிழமையே கடைக்குப் போய்ப் படம் அனுப்பினார். எது என்று நான் வட்டமிட்டுக் காட்டினேன். அதற்கு ஈடுகொடுக்கும் பவர் சப்ளையும் வேண்டும் என்றேன். இரண்டையும் அவரே வாங்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மறுபடியும் போன்.

"தங்கச்சி, கார்ட் சின்னன்தான், பெட்டிதான் தலகாணி மாதிரி இரிக்கு. கார்ட்டக் கழட்டிச் சாரத்தில சுத்திக் கொண்டு வாறன். பெட்டிய இஞ்ச எறிஞ்சிட்டு வரட்டா?"

"ஐயோ வேணாம். பெட்டியோட கொண்டு வாங்க."

"வெறும் பெட்டி என்னத்துக்கு?"

"வாரண்டிக்குப் பெட்டி வேணும் அண்ணன்."

கட்டார்க் கடை கொடுத்த வாரண்டிக்குச் செட்டிபாளையத்தில் பெட்டியை வைத்து என்ன செய்வது? உண்மை என்னவென்றால், கேம் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பெட்டியும் கார்ட்டின் ஒரு பாதி. பேஸ்புக் குழுவில் எல்லோரும் தங்கள் மெசினைப் படம் பிடித்துப் போடும்போது பின்னால் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான். அண்ணன், "சரி, பாப்பம்" என்றார்.

அவர் வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். நீலக் கயிறு கட்டி, நாலு பக்கமும் பேர் எழுதிய காட்போட் பெட்டியை நடுவில் வைத்து வெட்டினோம். பால்மா, சவர்க்காரம், தைலம், புலி போட்ட கம்பளிப் போர்வை. என் கார்ட் மட்டும் அதில் இல்லை. விமானத்தில் மடியோடு வைத்துக்கொண்டு வந்த பையிலிருந்து எடுத்துத் தந்தார். பையில் வேறு எதுவும் இல்லை, அதுவும் பவர் சப்ளையும் மட்டும்தான். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

அம்மா சாமான்களைக் கிண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உன்ட டூல்ஸெல்லாம் எங்க மகன்?"

"றூமில இரிக்கிற ஏறாவூர்ப் பொடியனிட்டக் குடுத்திட்டு வந்தன். அவன் வரக்குள்ள கொண்டு வருவான்."

எனக்கு அது காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. அந்த நேரம் நான் கார்ட்டின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை உரித்துக்கொண்டிருந்தேன். புதிய கார்ட்டில் அதை உரிப்பது போல ஒரு சுகம் வேறு இல்லை. நான் தலை நிமிரவில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்து கார்ட்டைப் பூட்டினோம். மெசினைத் தொட்ட அண்ணன் கையை வெடுக்கென்று எடுத்தார். இரும்பில் கறண்ட் கசிந்து சுள்ளென்றது. எனக்கு அது பழகிப்போய்விட்டிருந்தது. பழைய வீட்டில் எர்த் வேலை செய்யவே இல்லை என்று அண்ணன் கண்டுபிடித்தார். அன்று முழுக்க வெயிலில் நின்று கிணற்றடியில் செம்புக் கம்பி இறக்கி, யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கிய குறட்டால் வயர் இழுத்து, என் மேசைக்கு எர்த் கொடுத்தார். இது இல்லாமல் விட்டால் இவ்வளவு நல்ல சாமான் ஒரு மழைக்குத் தாங்காது என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க, ஸ்கூல் வேலையக் காட்டு பாப்பம்."

நான் பத்தாம் வகுப்பின் புள்ளிப் பட்டியலைத் திறந்தேன். உலகத்தில் எந்தக் கம்பியூட்டரிலும் ஓடக்கூடிய ஒரு எக்செல் தாள். அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார். இரண்டு மூன்று பிள்ளைகளின் புள்ளிகளை வாசித்தார்.

"நல்லாக் கிளியராத் தெரியுதுகா" என்றார்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவர் வயரிங் வேலைக்குப் பக்கத்து வளவுக்குப் போகும் பின்னேரங்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினேன். முதலில் ஊரெல்லாம் மெச்சிய அந்தக் கேம். மழை பெய்து நனைந்த தெருவில் விளக்குகள் தெறிக்கும். குட்டையில் வானம் தெரியும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஒரு சந்தியில் நின்று குட்டையையே பார்த்தேன். இரண்டாம் நாள் கவனித்தேன், தெருவில் போகிற ஆட்கள் எல்லாரும் மாறி மாறி ஒரே மூன்று வசனத்தைத்தான் பேசுகிறார்கள். வரைபடத்தைத் திறந்தால் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் நூறு. மேலிடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் படிவங்கள் போல, ஒன்றை நிரப்பினால் இன்னும் இரண்டு. அடுத்த கேமை அரைவேக்காட்டில் இறக்கியிருந்தார்கள். விற்றுவிட்டுப் பிறகு திருத்துகிறார்கள், அந்தத் திருத்தத்தை இறக்க என் ரூட்டரின் டேட்டா நாலு நாள் போனது. கார்ட்டின் பெரிய வித்தை என்று சொல்லப்படுவது, இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து போட்டு ஓட்டம் வேகமாக இருப்பது போலக் காட்டுவது. பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் ஏமாற்றுத்தான் தெரிந்தது. ஏமாற்றைப் பற்றி அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மூன்றாம் கிழமை நான் திரும்பவும் என் பழைய கேமுக்கே போனேன். ஒரு குளம், அதன் கரையில் ஒரு சின்னக் காணி, கட்டங்கட்டமாக வரைந்த படம். மரம் வெட்டி, கல் சுமந்து வீடு கட்ட வேண்டும். கட்டிய வீட்டுக்கு இன்னொரு அறை சேர்த்தேன், யன்னல் வைத்தேன். அது என் இருமல்காரக் கார்ட்டிலேயே ஓடிய கேம். ஊதாக் கட்டம்கூட அதில் வந்ததில்லை.

ஒரு பின்னேரம் விளையாடும்போது பக்கத்து வளவில் டொக் டொக் என்று சத்தம். நிற்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அண்ணன் முட்டிக்கால் போட்டு, உளியும் சுத்தியலுமாகச் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டும் மெசினில் ஒரு நாளில் முடியும் வேலை. அவருக்கு அது பத்தாவது நாள். உள்ளங்கையில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. தலைமுடி, இமை எல்லாம் சீமெந்துத் தூள்.

"அண்ணன், டூல்ஸ ஏன் கொண்டு வரல்ல?"

"அதான் சொன்னனே, பொடியன் கொண்டு வருவான்."

"ஏன் நீங்க கொண்டு வரல்ல?"

அவர் உளியைக் கீழே வைத்தார். சொல்ல விருப்பம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கையில் கொண்டு வரும் பையில் அம்மாவின் சாமான்கள் போவதாக இருந்தது, பெரிய பெட்டியில் டூல்ஸ். கார்ட்டின் பெட்டி பெட்டியாகவே வர வேண்டும் என்றதும் பை அதற்கே சரியாகிவிட்டது. அம்மாவின் சாமான்கள் பெரிய பெட்டிக்கு வந்தன. பாரம் ஏறிவிட்டது. எதையாவது எடுக்க வேண்டும்.

"பால்மாவ எடுத்தா அம்மா பாவம். மறுகா டூல்ஸத்தான் எடுத்தன். அது இஞ்சயும் வாங்கலாம் எண்டு நினச்சன். இஞ்சத்த விலை எனக்குத் தெரியாது."

"கல்குடா வேலை?"

"டூல்ஸோட வாற ஆளாப் பாத்துக் குடுத்திட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் மறுபடியும் உளியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கார்ட்ட விப்பம் அண்ணன். பெட்டியோட இரிக்கு, நல்ல விலைக்குப் போகும். டூல்ஸ் வாங்குங்க" என்றேன்.

"விசர்க்கத கதைக்காத. உன்ட புள்ளைகளுக்கு வீடியோ ஆரு செய்யிற?"

இதுதான் நான் எழுத வந்த இடம். அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கார்ட் தப்பிவிட்டது என்ற நிம்மதி. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பாரோ என்னவோ. வீடியோவும் இல்லை ஒன்றும் இல்லை, நான் பொய் சொன்னேன் என்றிருந்தால் நிச்சயம் விற்றிருப்போம். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. எழுந்து வந்து, கை கழுவி, அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். அந்தப் பின்னேரம் விளையாடவில்லை. மறுநாள் விளையாடினேன்.

அடுத்த இரண்டு மாதம் அண்ணன் அங்கும் இங்கும் ஃபேன் பூட்டினார், மோட்டர் திருத்தினார். பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் பழைய கம்பனியிலிருந்து கூப்பிட்டார்கள். வயரிங்கை முடித்து, சுவிட்ச் எல்லாம் பூட்டி, மழைக்கு முன் போய்விட்டார். போகும்போது பையில் நாலு சேட்டும் அம்மா பொரித்துக் கொடுத்த இறால் கருவாடும்தான் இருந்தன. பை பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. எவ்வளவு இடம் என்று நான் கண்ணால் அளந்துகொண்டு நின்றேன்.

புது வீட்டுக்குக் கறண்ட் கொடுக்க ஆட்கள் வந்தது அவர் போய் மூன்று மாதத்துக்குப் பிறகு. வந்தவர் பிரேக்கர் பெட்டியின் மூடியைத் திறந்தார். அண்ணன் ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் கீழே வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, மார்க்கரால் எழுதி வைத்திருந்தார். வந்தவர் ஒவ்வொன்றாக வாசித்துப் போட்டுப் பார்த்தார்.

"அடுப்படி. மோட்டர். அம்மா." அடுத்ததில் விரலை வைத்தார். "இதென்ன டீச்சர், கேம் எண்டு எழுதிக் கிடக்கு?"

"அது என்ட அறை" என்றேன்.

அந்த அறையில் ஐந்து பிளக் பொயின்ட். ஐந்துக்கும் தனி எர்த். வேறு எந்த அறையிலும் இரண்டுக்கு மேல் இல்லை.

அன்று பின்னேரமே அண்ணனுக்கு எடுத்தேன். கட்டிலில் இருந்தார். பின்னால் சுவரோரம் ஹாமர் ட்ரில் தெரிந்தது. வழக்கம் போலக் கேட்டார்.

"எப்பிடி தங்கச்சி, ஸ்கூல் வேலையெல்லாம் நல்லா ஓடுதா?"

"அண்ணன், பிரேக்கர்ப் பெட்டியப் பாத்தன்."

அவர் சிரித்தார். "அந்தக் கடக்காரன் முதல் கேட்டதே எந்த கேமுக்கு எண்டுதான். எனக்கென்ன தெரியும்? நல்லா ஓடுறதத் தா எண்டன்."

கார்ட் கேமுக்குத்தான் என்று அவருக்கு வாங்குவதற்கு முன்பே தெரியும். புள்ளிப் பட்டியலைக் குனிந்து வாசித்தபோதும் தெரியும். உளியோடு இருந்த அன்றும் தெரியும். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, ஐந்து மாதம் பிந்தி, இரண்டாம் தடவையாகக் கேட்டேன்.

"கார்ட்ட விக்கட்டா அண்ணன்? நீங்க வாங்க."

"இப்ப வித்து என்ன செய்யிற? ரெண்டு வருசத்துக்குச் சைன் வெச்சிட்டன்" என்றார். பிறகு, "அப்பவே இன்னொருக்காக் கேட்டிருந்தா விக்கச் சொல்லியிருப்பன்" என்றார்.